விலைக்கு இன்பாக்ஸ்: ஒரு முறுக்குக் கடையின் முதல் பார்வைக் கணக்கு

'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க' என்று பதிவின் அடியில் எழுதிவைக்க மாதம் 2,600 ரூபாய் ஆகிறது. யாரும் பில் போட்டுக் கேட்பதில்லை. அதனால் இந்தச் செலவு எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறுவதில்லை.

2,600 எப்படி வந்தது? கணக்குக்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். மணப்பாறையில் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் சுட்டு, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் ஒரு பெண்மணி. முறுக்கு கிலோ 480 ரூபாய், செலவு போகக் கையில் நிற்பது 120. மாதம் 26 வேலை நாள். அவருடைய ஒரு மணி நேரத்தின் மதிப்பு 150 ரூபாய். அந்த ஒரு மணி நேரம் அடுப்படியில் கழிந்தால் என்ன கிடைக்குமோ, அதுதான் இந்த 150. எண்கள் கடைக்குக் கடை மாறும். உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள், கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

நாளைக்கு 15 பேர் விசாரிக்கிறார்கள். அதில் 10 பேருக்கு ஒரே கேள்வி. "அக்கா, ரேட் எவ்ளோ?" "எது வேணும் சொல்லுங்க சிஸ்டர்." "முறுக்குதான்." "கை முறுக்கா, அச்சு முறுக்கா?" "ரெண்டுமே சொல்லுங்களேன்." "எவ்ளோ வேணும்?" இப்படி ஆறேழு வரி போன பிறகு ஒரு விலை. அதன் பிறகு எதிர்முனையில் நீல டிக் மட்டும். ஓர் உரையாடலுக்கு 4 நிமிடம் என்றால் நாளைக்கு 40 நிமிடம், மாதம் 1,040 நிமிடம், அதாவது 17 மணி 20 நிமிடம். 150 ரூபாயால் பெருக்கினால் 2,600. கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே நகர்ந்துவிட்டவர்களை இதில் நான் சேர்க்கவே இல்லை. அவர்களை எண்ண வழியும் இல்லை.

விலையை மறைப்பவர்கள் சொல்லும் காரணம் மூன்று. போட்டிக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். விலையைப் பார்த்தே ஆள் ஓடிவிடுவார். பேசினால் பிடித்துவிடலாம். முதல் காரணம் நிற்காது. போட்டிக் கடைக்காரர் தங்கை பெயரில் ஒரு கணக்கு திறந்து பத்து விநாடியில் கேட்டுத் தெரிந்துகொள்வார். இரண்டாவது காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் 480 ரூபாயைப் பார்த்து ஓடுகிறவர், 4 நிமிடம் பேசிய பிறகும் ஓடத்தான் போகிறார். ஓடுவதானால் முதலிலேயே ஓடட்டுமே, 10 ரூபாய் மிச்சம். மூன்றாவது ஜவுளிக் கடையில் எடுபடும் வித்தை. அங்கே சேலையை விரித்துப் போட்டுவிட்டால் எழுந்து போக மனசு வராது. கைபேசியில் எழுந்து போக வேண்டியதே இல்லை.

சட்டமும் விலையின் பக்கம்தான். பொட்டலப் பொருட்களுக்கான எடை அளவு விதிகள் 2011-இல் வந்தன. இணைய வழி விற்பனையில் அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை போன்ற விவரங்கள் திரையிலேயே தெரிய வேண்டும் என்ற திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணும் வேண்டும். அந்த எண்ணைப் பொட்டலத்தில் மட்டும் அச்சடித்துவிட்டு இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடாமல் விடுகிறவர்கள் ஏராளம். முகம் தெரியாத ஒருவர் சுட்ட பலகாரத்தைக் காசு கொடுத்து வாங்கி வாயில் போடப் போகிறவருக்கு அந்த 14 இலக்கத்தைவிடத் தெம்பு தரும் வாசகம் எது?

இனி கண்ணுக்கு வருவோம். 2006-இல் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிட்டே லிண்ட்கார்டும் குழுவினரும் இணையப் பக்கங்களை 50 மில்லிவிநாடி மட்டும் காட்டி, அழகாக இருக்கிறதா என்று கேட்டார்கள். அரை விநாடி காட்டியபோது கிடைத்த மதிப்பெண்ணும் இதுவும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பிரின்ஸ்டனில் ஜனைன் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் மனித முகங்களை 100 மில்லிவிநாடி காட்டி, இவர் நம்பத்தக்கவரா என்று கேட்டார்கள். நேரத்தைக் கூட்டியபோது கருத்து பெரிதாக மாறவில்லை, அந்தக் கருத்தின் மேல் உறுதிதான் கூடியது. சமூக ஊடக வகுப்பு எடுப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த ஆய்வுகள் அளந்தது தோற்றத்தின் மேல் எழும் அபிப்பிராயத்தை. யாரும் அங்கே பணம் கட்டவில்லை. முதல் அரை விநாடி ஆளை நிறுத்தும், அவ்வளவுதான். வாங்குவதா வேண்டாமா என்பது அடுத்த அரை நிமிடத்தில் முடிவாகிறது.

அந்த அரை விநாடியிலேயே நம்மவர்கள் நிறைய இழக்கிறார்கள். ப்ரொஃபைல் படம் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வட்டமாகத்தான் தெரியும். சதுரத்துக்குள் முட்டமுட்ட ஒரு வட்டம் போட்டால், வட்டத்துக்குள் அடங்குவது பரப்பில் 78.5 விழுக்காடு. மூலைகளில் இருக்கும் 21.5 விழுக்காடு வெட்டுப்படும். கடையின் லோகோவில் மேல் மூலையில் பிள்ளையார், கீழ் மூலையில் கைபேசி எண், பக்கவாட்டில் 'ஹோம் மேட் ஸ்நாக்ஸ்' என்று சுற்றி எழுதியிருந்தால், பிள்ளையார் பாதியும் எண்ணில் நான்கு இலக்கமும் போய்விடும். மிஞ்சியதும் கைபேசித் திரையில் சட்டைப் பொத்தான் அளவுதான். ஒரே ஒரு முறுக்கை மேலிருந்து பளிச்சென்று படமெடுத்துப் போட்டால் போதும். முறுக்கு ஏற்கெனவே வட்டம், வெட்டுப்பட அதற்கு மூலை கிடையாது.

2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் தன் ப்ரொஃபைல் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4 என்ற நெட்டுக்குத்தான வடிவத்துக்கு மாற்றியது. பழைய 1080-க்கு 1080 சதுரப் படம் இந்தக் கட்டத்தில் உட்காரும்போது தெரியும் அகலம் 810 பிக்சல். இரண்டு பக்கமும் 135, ஆக மொத்தம் கால்வாசி காணாமல் போகிறது. 1080-க்கு 1350 படத்தில் இழப்பு 6.25 விழுக்காடு மட்டும். முழுநீள ரீல்ஸில் மேலே 240, கீழே 240 பிக்சல் போகும், அதுவும் கால்வாசி. போஸ்டரின் ஓரத்தில் விலையை எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இன்றைக்கே தங்கள் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. '₹480' என்பது '80' என்று தெரிந்தால் ஆர்டர் குவியும், சண்டையும் குவியும்.

படத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். காலை 10 மணிக்குக் கிழக்கு பார்த்த ஜன்னலோரம், நேர் வெயில் விழாத இடம், ஒரு வாழை இலைத் துண்டு. டியூப்லைட் அடியில் எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்தால் முறுக்கு வெளிறிப் போகும், தட்டில் எடுப்பவரின் கையும் போனும் தெரியும். ஒன்றை உடைத்து, உடைந்த முகம் கேமராவைப் பார்க்க வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் நுண்துளையும், ஒட்டியிருக்கும் ஓமமும் எள்ளும் தெரிந்தால் 'மொறுமொறு' என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது பயோ. இன்ஸ்டாகிராம் தரும் இடம் 150 எழுத்து. தமிழுக்கு இது போதாது என்று சொல்லி ஆங்கிலத்தில் 'குவாலிட்டி இஸ் அவர் மோட்டோ' வகையில் எழுதிவிடுகிறார்கள். தமிழ் கூடுதல் இடம் பிடிக்கும் என்பது மெய்தான். யூனிகோடு கணக்கில் 'ம' ஓர் இடம், 'மு' இரண்டு இடம், 'க்' இரண்டு இடம். நமக்கு நான்கு எழுத்தான 'முறுக்கு' அங்கே எட்டு. குறுஞ்செய்தியில் இந்த இழப்பு இன்னும் கூடுதல். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தி தமிழில் 70 தான் கொள்ளும். ஆனாலும் எழுதிப் பார்க்கலாம்:

வீட்டு முறுக்கு, அதிரசம். கிலோ ₹480 முதல். மணப்பாறை. காலை 9 முதல் மாலை 6. ஞாயிறு விடுமுறை. கூரியர் உண்டு.

தமிழ் எழுத்து 43, அவை பிடிக்கும் இடம் 77. எண், புள்ளி, இடைவெளிக்கு 28. கூட்டினால் 105. என்ன பொருள், என்ன விலை, எந்த ஊர், எப்போது கூப்பிடலாம், வெளியூருக்கு வருமா என்ற ஐந்து கேள்விக்கும் பதில் சொன்ன பிறகும் 45 இடம் மிச்சம். 14 இலக்கப் பதிவு எண் அதில் தாராளமாக அடங்கும். 

'மணப்பாறை' என்று போட்டதில் ஒரு கவனம் வேண்டும். மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சரக்கின் பெயராக்கி விற்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்வது நல்லது. அதற்கான விண்ணப்பக் கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். இந்தக் கட்டுரையில் வரும் செலவுகளிலேயே சிறியது அந்த 10 ரூபாய்தான். வேறு ஊரில் மாவு பிசைந்துவிட்டு மணப்பாறை என்று போடுகிறவர்களை ஊர்க்காரர்கள் கமெண்ட்டிலேயே பிடித்துவிடுவார்கள். மணப்பாறைத் தண்ணீரின் லேசான உப்புதான் ருசி என்று அவர்கள் சத்தியம் செய்வார்கள்.

பதிவுக்கு அடியில் எழுதும் வாசகத்துக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் 'மேலும்' என்பதைத் தொடும் முன் கண்ணில் படுவது ஏறக்குறைய முதல் 125. 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு இனிய காலை வணக்கம்' என்று தொடங்கினால் 49 இடம் காலி. பொருளின் பெயர் வருவதற்குள் 39 விழுக்காடு வணக்கத்துக்கே போய்விட்டது. மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி வரியில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

வாழ்த்துப் போஸ்டர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல், குடியரசு தினம், மகளிர் தினம், ரம்ஜான், தமிழ்ப் புத்தாண்டு, மே தினம், ஆடிப்பெருக்கு, சுதந்திர தினம், விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ். 14 ஆயிற்று, இன்னும் உள்ளூர்த் திருவிழா பாக்கி. மாதம் இரண்டு பலகாரப் பதிவு போடும் கடையில் ஆண்டுக்கு 24 பலகாரம், 14 வாழ்த்து. நூற்றுக்கு 37 பதிவு வாழ்த்து. பண்டிகைக்கு மட்டும் கணக்கைத் திறக்கும் கடையில் முதல் 9 கட்டமும் வாழ்த்துதான். அதிலும் உரிமையாளர் கைகூப்பி நிற்கும் படம் பெரிதாகவும், முறுக்கு மூலையில் கடுகளவாகவும் இருக்கும். ஃப்ளெக்ஸ் பேனரிலிருந்து நேராக இறங்கிவந்த பழக்கம் இது. வாழ்த்தை 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியிலும் ஸ்டேட்டஸிலும் போட்டால் வாழ்த்தும் போய்ச் சேரும், கட்டமும் கெடாது. ப்ரொஃபைலின் உச்சியில் 3 பதிவைக் குத்தி நிறுத்தும் வசதி 2022-இலேயே வந்துவிட்டது. விலைப் பட்டியல் ஒன்று, செய்முறை ரீல் ஒன்று, கூரியர் விவரம் ஒன்று என்று மூன்றையும் நிரப்பிவிடலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தது 2018-இல். 2020-இல் உலக அளவில் 5 கோடிப் பேர், அதில் இந்தியாவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பேர் பயன்படுத்துவதாக நிறுவனம் சொன்னது. 2023-இல் உலகக் கணக்கு 20 கோடி. செயலிக்குக் கட்டணம் இல்லை. கேட்டலாக்கில் 500 பொருள் வரை ஏற்றலாம், பொருளுக்கு 10 படம். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு 50 தயார்ப் பதில் எழுதிவைக்கலாம். முதன்முறை எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்துவிட்டுத் திரும்ப வருகிறவருக்கும் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி ஒன்று உண்டு. அதில் 'வணக்கம், விரைவில் தொடர்பு கொள்கிறோம்' என்று எழுதுவது வீண். விரைவில் என்றால் எத்தனை மணிக்கு? 'மதியம் வரை அடுப்பில் இருப்போம், 2 மணிக்கு மேல் பதில் வரும், விலை கேட்டலாக்கில் இருக்கிறது' என்று எழுதினால் அது வேலை செய்யும். ஃபேஸ்புக் தன் பக்கங்களுக்கு வைத்த 'மிக விரைவாகப் பதிலளிப்பவர்' அடையாளத்தின் அளவுகோல், 7 நாளில் வந்த செய்திகளில் 90 விழுக்காட்டுக்குப் பதில், அதுவும் 15 நிமிடத்துக்குள். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவருக்கு அது நடக்கிற காரியம் இல்லை. சொன்ன நேரத்துக்குப் பதில் வந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இதுவரை சொன்ன வேலைகளுக்கு 12 பொருள் உள்ள கடையில் ஆகும் கணக்கு:

ப்ரொஃபைல், பயோ, முகவரி, வேலை நேரம் சரிசெய்ய: 2 மணி நேரம், ₹300.
படம் எடுக்க, பொருளுக்கு 10 நிமிடம்: 2 மணி நேரம், ₹300.
கேட்டலாக் ஏற்ற, பொருளுக்கு 8 நிமிடம்: 96 நிமிடம், ₹240.
தயார்ப் பதிலும் வரவேற்புச் செய்தியும் எழுத: 45 நிமிடம், ₹112.50.

மொத்தம் 6 மணி 21 நிமிடம், ரூபாயில் 952.50. ஒரே ஒரு முறை. கையை விட்டுப் போகும் ரொக்கம் என்று எதுவும் இல்லை. மாதா மாதம் கரையும் 2,600-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த வேலை பதினோரு நாளில் தன் செலவை எடுத்துவிடும்.

ஆனால் கடைக்காரர்கள் காசு போடுவது வேறு இடத்தில். முதலில் பூஸ்ட், அதாவது பதிவைக் காசு கட்டி விளம்பரமாக்குவது. நாளைக்கு 200 ரூபாய் வீதம் 30 நாள், 6,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி 1,080 சேர்த்தால் 7,080. வரி உட்பட 1,000 ரூபாய் போடுகிறவருக்கு விளம்பரமாக ஓடுவது 847 ரூபாய் 46 காசுதான். இந்த 7,080 ரூபாய் 600 பேரைப் பக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு 11 ரூபாய் 80 காசு. விலை இல்லாத, வாழ்த்துப் போஸ்டர் நிறைந்த பக்கத்தில் 20 பேருக்கு ஒருவர் வாங்கினால் 30 ஆர்டர். ஓர் ஆர்டரைப் பிடிக்க 236 ரூபாய். ஓர் ஆர்டர் ஒரு கிலோ என்று வைத்தால், நிற்பதோ 120. ஒவ்வொரு கிலோவுக்கும் 116 ரூபாய் கைநஷ்டப்பட்டு முறுக்கு விற்கிறார். பக்கத்தைச் சரிசெய்து 20-க்கு இரண்டு பேர் வாங்கினால் 60 ஆர்டர், ஆர்டருக்கு 118 ரூபாய். லாபம் 2 ரூபாய்.

அதுவும் இத்தனை பாடுபட்ட பிறகு. நன்றாக வைத்திருக்கும் பக்கத்திலும் விளம்பரம் கொண்டுவரும் முதல் ஆர்டரில் தேறுவது இவ்வளவுதான். பூஸ்ட் போட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்கிறவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்டுவதே இல்லை.

இரண்டாவது, கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் காசு கட்டி வாங்கும் நீல டிக். மெட்டா வெரிஃபைடு 2024-இல் இந்திய வணிகக் கணக்குகளுக்கு வந்தபோது தொடக்கக் கட்டணம் ஒரு செயலிக்கு மாதம் 639 ரூபாய். ஆண்டுக்கு 7,668. கிலோவுக்கு 120 நிற்கும் கடையில் அந்த டிக்குக்காக 64 கிலோ சுட்டாக வேண்டும். போலிக் கணக்குத் தொல்லை உள்ள பெரிய கடைக்கு அது தேவைப்படலாம். வீட்டு முறுக்குக்கு அந்த 14 இலக்க எண்ணே டிக்.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்கும் ஃபாலோயர். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 10,000 ஃபாலோயர், பதிவுக்கு 12 லைக் என்றால் 0.12 விழுக்காடு. 400 ஃபாலோயர், 40 லைக் என்றால் 10 விழுக்காடு. பார்ப்பவர் வகுத்துப் பார்ப்பதில்லை, ஆனால் கூட்டமில்லாத ஹோட்டலை எப்படி வாசலிலேயே கண்டுபிடிக்கிறோமோ அப்படிக் கண்டுபிடித்துவிடுகிறார்.

விமர்சனத்தில் கணக்கு சற்று ருசியானது. கூகுளில் மூன்றே பேர் எழுதியிருக்கிறார்கள். இருவர் 5, ஒருவர் 1. சராசரி 3.7. அந்த ஒரு நட்சத்திரம் பெரும்பாலும் சரக்குக்கு விழுவதில்லை, 'போன் எடுக்கவில்லை' என்பதற்கு விழுகிறது. இதை 4.5 ஆக்க எத்தனை 5 வேண்டும்? மலைப்பாகத் தோன்றும், ஆனால் ஐந்தே போதும். 36-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 30 பேர் 5 கொடுத்த கடையில் அதே ஒரு நட்சத்திரம் விழுந்தாலும் சராசரி ஏறக்குறைய 4.9-இல் நிற்கும். ஆகவே புதுக் கடைக்கு வரும் முதல் பத்து வாடிக்கையாளரிடம் கூச்சப்படாமல் "ஒரு வரி எழுதிப் போடுங்கக்கா" என்று கேட்பதுதான் முறை. சொந்தக்காரர்களை விட்டு எழுதவைத்தால் 'சூப்பர்', 'அருமை', 'வாழ்த்துகள்' என்று மூன்று சொல்லில் முடிப்பார்கள், காட்டிக்கொடுத்துவிடும். இணைய விமர்சனங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது.

2 ரூபாய் லாபத்துக்குத் திரும்புவோம். அந்த வாடிக்கையாளர் மறுபடி வாங்கும்போது விளம்பரச் செலவு கிடையாது, 120 முழுசாக நிற்கும். மறுபடி வருவாரா என்பதைப் பார்சல் முடிவு செய்கிறது. பார்சலில் பெரிய வம்பு கூரியர் கட்டணம். பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து ஓர் எடை போடும். தராசு காட்டும் எடை, இந்த எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குப் பணம். முறுக்கு காற்றோட்டமான பண்டம். ஒரு கிலோவை உடையாமல் அனுப்ப 25-க்கு 20-க்கு 20 பெட்டி பிடித்தால் 10,000 கன சென்டிமீட்டர், வகுத்தால் 2 கிலோ. வாங்குகிறவர் ஒரு கிலோவுக்குக் கூரியர் எவ்வளவு இருக்கும் என்று மனசுக்குள் ஒரு தொகை வைத்திருப்பார், பில்லில் 2 கிலோவுக்கான தொகை வரும். 'ஏமாத்துறாங்க' என்று அவர் நினைப்பதில் தப்பே இல்லை, அவருக்கு 5,000-ஆல் வகுக்கும் கதை தெரியாது.

சின்ன அளவு முறுக்காகச் சுட்டு நெருக்கி அடுக்கினால் பெட்டி 25-க்கு 20-க்கு 14-இல் அடங்கும். 7,000-ஐ வகுத்தால் 1.4, அரைக் கிலோப் படியில் ஏற்றும் இடத்தில் ஒன்றரைக் கிலோவாகும். அதற்கும் மேல் குறைக்கப் பார்த்தால் பெட்டிக்குள் போவது முறுக்கு, வெளியே வருவது பொடி. ஆகவே கேட்டலாக்கில் விலைக்கு அடுத்த வரியில், 'சரக்கு 1 கிலோ, கூரியர் கணக்கில் ஒன்றரைக் கிலோ' என்று எழுதி, சென்னைக்கு எவ்வளவு, கோவைக்கு எவ்வளவு, பெங்களூருக்கு எவ்வளவு என்று தொகையையும் போட்டுவிட வேண்டும். எழுத 8 நிமிடம், 20 ரூபாய்.